உதட்டு வெடிப்பும் ஓர் ஆய்வு மாணவியின் மார்கழியும்

சென்ற மார்கழியில் ஏறத்தாழ ஐந்து வார காலம், ‘அம்மா’ என்ற சொல்லை என்னால் வலியின்றி உச்சரிக்க இயலவில்லை. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியலில் படித்திருக்கிறோம். முதுகலை வகுப்பில் அதைப் படம் வரைந்து விளக்கியும் இருக்கிறேன். இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று அழுத்திப் பிரியும் அந்தக் கணத்தில், என் கீழுதட்டின் நடுவே இருந்த வெடிப்பு ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்துகொண்டது. இகரமும் ஈகாரமும் இன்னொரு வகையில் கொடுமை செய்தன. அவற்றுக்கு உதடுகள் பக்கவாட்டில் விரிய வேண்டும். வாயின் இரு கோடிகளிலும் புண். ஒலிப்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவளுக்கு இதைவிட முறையான செய்முறைப் பயிற்சி வாய்க்காது என்று ஆய்வுக்கூடத்துத் தோழி சிரித்தாள். சிரிப்பதும் வலிக்கும் என்பதால் நான் சேர்ந்து சிரிக்கவில்லை.

சிலர் இதைப் பற்றி விரிவாக எழுதும்படி கேட்டனர். ‘உதட்டுக்கு என்ன தடவினாய்?’ என்ற ஒற்றைக் கேள்வியாகத்தான் பெரும்பாலும் கேட்டனர். அதற்கு மட்டும் விடை சொல்வதானால் நான்கு வரி போதும். ஆனால் தடவியது பாதிக்கதைதான்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டைச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் மார்கழி என்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஈரமும் பனியும் கலந்த மாதம். மண் வெடிப்பது கோடையில்தான். புணேயில் கணக்கு தலைகீழ். சஹ்யாத்திரி மலையின் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் இது. மழை செப்டம்பரோடு விடைபெறும். டிசம்பரில் இரவு வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இறங்கும், பகலில் 30 வரை ஏறும். வீசுகின்ற காற்றோ நிலத்துக் காற்று, ஈரமற்றது. நான் தங்கியிருக்கும் பாணேரில் இதனோடு கட்டுமானத் தூசியும் சேரும். மெட்ரோப் பணிகள் நடந்த சாலையோரமாகவே பல மாதங்கள் பேருந்துக்கு நின்றிருக்கிறேன். பாணேர்க் குன்றின் மீதேறித் துகாய் கோயிலருகே நின்றால், அந்தத் தூசியை நகரத்தின் மேல் ஒரு சாம்பல் விரிப்பாகவே காணலாம்.

தேங்காயெண்ணெய் உறைவதை நான் முதன்முதலாகக் கண்டதும் பாணேரில்தான். அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகும் என்பது ஏட்டறிவாக இருந்தது. ஒரு காலையில் சீசாவைக் கவிழ்த்தேன், எண்ணெய் வரவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய செக்கெண்ணெய், வெள்ளைக் கல்லாகி உட்கார்ந்திருந்தது. ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்பதை ரயில் பயணம்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வீட்டு உரிமையாளரைக் காகூ என்று அழைப்பேன். என் உதட்டைப் பார்த்ததும் அவர், ‘ஓட் புட்லே’ என்றார். உதடு உடைந்துவிட்டது என்பது பொருள். மராத்தியில் இதே வினையைத்தான் மரத்தில் தளிர் விடுவதற்கும் ஆள்கிறார்கள். தமிழில் நாம் ‘வெடித்தது’ என்கிறோம். கரிசல் நிலமும் வெடிக்கும், குதிகாலும் வெடிக்கும், பருத்திக் காயும் வெடிக்கும். சொல் ஆராய்ச்சியில் நான் ஆழ்ந்திருந்த அந்த நேரத்தில் காகூ உள்ளே சென்று, ஒரு கரண்டி நெய்யோடு வந்தார். இரவில் படுக்கும்போது தொப்புளில் இரண்டு சொட்டு விடச் சொன்னார். என் ஆச்சி விளக்கெண்ணெயை வைத்து இதே வைத்தியத்தைத்தான் செய்வாள்! ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் இரு கிழவிகள், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, தொப்புள் விஷயத்தில் மட்டும் ஒருமித்திருக்கிறார்கள். தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெயைக் கொண்டு செல்லும் குழாய் எதுவும் உடற்கூற்றியலில் இல்லை. ஆனால் தொப்புளில் விட்ட பின் விரலில் எஞ்சிய நெய்யை இருவருமே உதட்டில் இழுத்து விடுவார்கள். பயன் தந்தது அந்த எச்சம்தான் என்பது என் துணிபு.

நெய்க்கு மராத்தியில் ‘தூப்’, கன்னடத்தில் ‘துப்ப’. இந்தோ ஆரிய மொழியொன்றின் அடுக்களைக்குள் நம் குடும்பத்துச் சொல் இப்படி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் எந்த மொழியியல் மாணவிக்கும் மகிழ்ச்சி வரும். தமிழில் ‘துப்பு’ என்பதற்குப் பவளம் என்றொரு பொருள் உண்டு, பவளமோ உதட்டுக்கு நம் புலவர்கள் சலிக்காமல் சொல்லும் உவமை. இவ்விரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டு வேர்ச்சொல் கட்டுரை எழுதும் ஆசை எழுந்தது. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். நெய்யைத் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

இனி, நான் செய்த தவறுகள். முதலாவது, நாவால் ஈரப்படுத்துவது. உதட்டின் சிவந்த பகுதியில் புறத்தோலின் மேலடுக்கு கன்னத்துத் தோலைவிட மிக மெல்லியது. அங்கே வியர்வைச் சுரப்பி இல்லை, மயிர்க்கால் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலோர்க்கு இல்லை. உடலின் மற்ற இடங்களில் தோல் தனக்குத் தானே பூசிக்கொள்ளும் நெய்ப்பு இங்கே கிடையாது. ஆகவே நீர் எளிதில் ஆவியாகிறது. நாவால் தடவினால் இரண்டு நிமிடம் இதமாக இருக்கும். எச்சில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் ஈரத்தையும் இழுத்துச் செல்லும். உணவைச் செரிக்கவென்று அதிலுள்ள நொதிகள் ஏற்கெனவே புண்பட்ட தோலை மேலும் எரிச்சலூட்டும். மீண்டும் வறட்சி, மீண்டும் நாக்கு. நான் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்துப்படுத்தும்போது என்னையறியாமல் இதைச் செய்துகொண்டே இருந்திருக்கிறேன். தோழி ஒருநாள் எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு முறை.

இரண்டாவது தவறு, எலுமிச்சை. ‘இயற்கை முறை’ என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு புனிதம் ஏறிவிட்டது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து தேய்த்தால் தோல் உரிந்து மென்மையாகும் என்ற அறிவுரையைப் பல இடங்களில் கண்டேன். எலுமிச்சை கடுமையான அமிலம். சர்க்கரைப் பரல் உராயும் பொருள். வெடித்த உதட்டில் இவ்விரண்டையும் தேய்ப்பது காயத்தில் உப்புத்தாள் போடுவதற்கு நிகர். தேய்த்த இரவில் தலையணை உறையில் இரத்தம் இருந்தது. இலவங்கப்பட்டை, புதினா எண்ணெய், கற்பூரம் ஆகியவையும் இயற்கைப் பொருள்களே. அவை குளிர்ச்சியாகவோ சுறுசுறுப்பாகவோ தோன்றும். பலருக்கு ஒவ்வாமையையும் தரும். பற்பசையிலுள்ள மணப்பொருளே உதட்டுப் புண்ணுக்குக் காரணமாவதும் உண்டு.

மூன்றாவது, என் ஆய்வே. புணேயில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் உகர, ஒகரங்களின் இதழ்குவிவு எப்படி இருக்கிறது என்பதை நான் பார்க்கிறேன். கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. காணொளியில் உதட்டின் விளிம்பைக் கணினி பிரித்தறிய வேண்டுமானால் அதன் நிறம் தோலின் நிறத்திலிருந்து நன்கு வேறுபட வேண்டும். அதற்காக நீல உதட்டுச் சாயம் பூசுவது இத்துறையில் அறிந்த முறை. தகவலாளிகளுக்குப் பூசுவதற்கு முன் நானே பூசிச் சோதித்தேன், அழித்தேன், வேறொரு சாயத்தைப் பூசினேன், அதையும் அழித்தேன். ஒரு மாதத்தில் இருபது முறையாவது இருக்கும். அழிப்பதற்கு நான் பயன்படுத்தியது முரட்டுத் துணி.

ஆகஸ்டில் எடுத்த என் சொந்தப் பதிவையும் டிசம்பர்ப் பதிவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் அச்சம் வந்தது. டிசம்பரில் என் ஈகாரம் சுருங்கியிருந்தது. வாயின் கோடிகளை விரிக்க நான் அஞ்சியிருக்கிறேன். அளவீடு அதைக் காட்டிவிட்டது. அப்படியானால் குளிர்காலத்தில் எடுத்த மற்றவர்களின் பதிவுகள்? கட்கியில் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, ‘வாய் காந்துது கண்ணு, இந்த மையெல்லாம் வேண்டாம்’ என்று மறுத்தது நினைவுக்கு வந்தது. அவரை ஒத்துழைக்காத தகவலாளி என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அந்த வரியை அன்றிரவே அடித்தேன்.

ஜனவரி முதல் வாரத்தில் துறைக் கருத்தரங்கில் நான் பேச வேண்டியிருந்தது. இதழொலிகளே இல்லாமல் பேசிவிட முடியுமா என்று விளையாட்டாக யோசித்தேன். அதற்கு முன்னோடி இருக்கிறார். தண்டியின் தசகுமார சரிதத்தில் ஏழாம் உச்சுவாசத்தில் மந்திரகுப்தன் தன் கதையை இதழொலி ஒன்றுகூட இல்லாமல் சொல்கிறான். காதலியால் உதடு புண்பட்டிருப்பதுதான் காரணம். காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவராகக் கருதப்படும் தண்டி, ஓர் உடல் வலியை இலக்கண வித்தையாக்கிவிட்டார். தமிழில் இது நிரோட்டகம். துறைமங்கலம் சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியைத் தமிழ் மாணவர் அறிவர். திருக்குறளின் 341-ஆம் குறளைச் சொன்னால் உதடு ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கோ தலைப்பிலேயே ‘தமிழ்’ இருந்தது; புணே இருந்தது; உயிரொலி, இதழ்குவிவு எல்லாம் இருந்தன. மந்திரகுப்தனுக்குக் காதலி, எனக்கு எலுமிச்சை. வித்தை காட்டும் நிலையில் நான் இல்லை.

பேசினேன். பாதியில் உதட்டிலிருந்து இரத்தம் முகவாய்க்கு இறங்கியதை முன்வரிசையிலிருந்த ஒரு பேராசிரியர் பார்த்துவிட்டார். கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் மருத்துவரைப் பார்க்காமல் வரக்கூடாது என்றார்.

ஔந்தில் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றேன். நடுவிலிருந்த வெடிப்பை அவர் அரை நிமிடம் பார்த்தார்; வாயின் கோடிகளை நெடுநேரம் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இல்லை. நேற்றுக் காலை சாயா, காரி பிஸ்கட். மதியம் டப்பாவில் வந்த இரண்டு போளி, உருளைக்கிழங்கு பாஜி. இரவு சாயா. முந்தின நாள்? ஏறத்தாழ அதுவே. உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லை. எங்கே நின்றது, யார் கையொப்பத்துக்காக நின்றது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இதைப் படிக்கும் பலருக்கு அந்த அலுவலகப் படிக்கட்டுகள் மனப்பாடம். அக்டோபரில் இரவு டப்பாவை நிறுத்தினேன், நவம்பரில் பாலை. ஊரில் கேட்க மனம் வரவில்லை. அப்பாவின் பருத்தி அவ்வாண்டு மழையில் போயிருந்தது.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நடுவிலிருந்த வெடிப்பு காற்றும் நாக்கும் சாயமும் எலுமிச்சையும் செய்தது. கோடிகளிலிருந்த புண் வேறு என்று மருத்துவர் விளக்கினார். இரும்புச்சத்து, பி12, பி2 எனப்படும் ரைபோஃப்ளேவின் ஆகியவற்றின் குறைபாட்டால் வாய்க்கோடி வெடிக்கும். வெடித்த இடத்தில் எச்சில் தேங்கிப் பூஞ்சையும் குடியேறும். அதற்கு எண்ணெய், நெய், மெழுகு எதைத் தடவினாலும் ஆறாது.

வீட்டுக்கு வந்து, எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: பழைய கட்டுரைகளைத் தேடினேன். தேடல் என்னைக் குன்னூருக்குக் கொண்டுபோயிற்று. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் ஐக்ராய்டும் உடன் பணியாற்றிய கிருஷ்ணனும், அரிசியையே பெரிதும் உண்டவர்களிடம் காணப்பட்ட வாய்ப்புண் பி2 குறைபாட்டால் வருவது என்று 1936-இல் எழுதினார்கள். அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. தீட்டிய அரிசி, பால் இல்லை, முட்டை இல்லை, கீரை இல்லை: தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் எழுதப்பட்ட விவரணைக்கு, ஒலிப்பியல் மென்பொருள் திறந்திருக்கும் கணினியின் முன்னே அமர்ந்து நான் பொருந்திக்கொண்டிருந்தேன். எனக்கு அரிசிக்குப் பதில் மைதா, அவ்வளவே.

ஊரில் நான் படித்தது அரசுப் பள்ளி. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் என்பதில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. சத்துணவில் முட்டை தரும் நாளில் தட்டோடு முதலில் ஓடுபவள் நான். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது அரசு எனக்குத் தந்த முட்டையை, முதுகலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும் முடித்து இருபத்தெட்டு வயதானபோது என்னால் வாங்க இயலவில்லை என்பதை அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடலாம். கண்ணீரின் உப்பு உதட்டில் பட்டு எரிந்ததால் அதுவும் நீடிக்கவில்லை.

மாத்திரைகளும் பூஞ்சைக்கான களிம்பும் கோடிகளைப் பார்த்துக்கொண்டன. நடு வெடிப்புக்கு மருத்துவர் எதுவும் எழுதவில்லை; நீலச் சாயத்தை நிறுத்து, நக்காதே, உரிக்காதே, எதையாவது கனமாகப் பூசி மூடி வை என்றார். இங்கேதான் இயற்கை முறை உண்மையில் வேலை செய்தது. எண்ணெய்ப் பொருள்கள் உதட்டுக்கு ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி போடுகின்றன. ஆகவே வெந்நீரில் அல்லாமல் சாதாரண நீரில் முகம் கழுவி, ஒற்றியெடுத்து, ஈரம் முற்றிலும் காயுமுன் பூச வேண்டும். காய்ந்த உதட்டின் மேல் பூசினால் வறட்சியைத்தான் மூடி வைப்போம். நெய், உப்பில்லாத வெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாமே பயன்படும், ஆனால் விரைவில் வழிந்துவிடும், நாக்கையும் அழைக்கும். தேனில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். என் கட்டுப்பாட்டின் மீது எனக்கே நம்பிக்கையில்லை.

காகூவுக்குக் கொங்கணத்தில் பிறந்த வீடு. நெய் பலிக்கவில்லை என்றதும் அவர் அலமாரியிலிருந்து பழுப்பு வெள்ளையில் ஒரு கட்டியை எடுத்தார். மெழுகுவத்தி உடைந்தது போல இருந்தது. கோகம் தேல் என்றார். சோல்கடி செய்வதற்காகத் தோலை உலர்த்தி வைக்கும் அதே கோகம் பழத்தின் விதையிலிருந்து எடுப்பது. நம் குடம்புளிக்கு நெருங்கிய இனம். குதிகால் வெடிப்புக்கும் உதட்டு வெடிப்புக்கும் கொங்கணத்துப் பெண்கள் தலைமுறைகளாகப் பூசுவது. பெயர் தேல் என்றாலும் அறை வெப்பத்தில் கல் போலிருக்கும். விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால் உடற்சூட்டில் மெல்ல இளகும். சுவை ஏறத்தாழ இல்லை. வழிவதில்லை. எனக்கு மிகவும் ஒத்துக்கொண்டது இதுதான்.

பிறகு தோழியும் நானும் இதைச் சற்று மேம்படுத்தினோம். பாணேர் சாலை பிரியும் கணேஷ்கிண்ட் பகுதியில் 1962 முதல் மத்திய தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. தேன்மெழுகு என்ற எண்ணமே அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் வந்தது. எடையில் ஒரு பங்கு தேன்மெழுகு, நான்கு பங்கு தேங்காயெண்ணெயும் கோகமும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், நேரடி நெருப்பு கூடாது. மணத்துக்கு எதுவும் சேர்க்கவில்லை. சிறிய டப்பிகளில் ஊற்றி ஆற வைத்தோம். இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர்கள் வாசலினைப் பூசலாம். அது பெட்ரோலியத்தின் பிள்ளை. எண்ணெய்க் கிணற்றில் படிந்த மெழுகைச் சுத்திகரித்து ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை பெற்றது. ‘இயற்கை’ என்ற முத்திரை அதற்குக் கிடைக்காது, ஆனால் நீரை அடைத்து வைப்பதில் நெய்யைவிடத் திறமையானது, ஒவ்வாமையும் அரிது. முத்திரையைவிட உதடு முக்கியம்.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்கள் கவனிக்க இன்னொன்று: வெயில். கீழுதடு வானத்தைப் பார்த்திருக்கிறது. பல்லாண்டு வெயிலில் நிற்பவர்களுக்கு அதில் சொரசொரப்பான வெண்திட்டு வரலாம், அது வெறும் வறட்சி இல்லை. ஒரே இடத்தில் ஆறாத புண்ணோ திட்டோ இரண்டு, மூன்று வாரங்களைக் கடந்தால் தடவிக்கொண்டிருக்காமல் காட்டிவிட வேண்டும். தகவலாளிகளிடம் கண்டாலும் சொல்லுங்கள்.

நடு வெடிப்பு பன்னிரண்டு நாளில் மூடியது. கோடிகள் ஆறப் பிப்ரவரி ஆயிற்று. உதவித்தொகை மார்ச்சில் வந்தது, இரண்டு மாதத்துக்கு மட்டும்.

இடையில் ஓர் இரவு அம்மா காணொளியில் அழைத்தாள். அதுவரை இணைப்புச் சரியில்லை என்று படத்தை மறைத்தே பேசிவந்தேன், அன்று மறந்துவிட்டேன். ‘ஏளா, வாய் ஏன் இப்படிக் கிடக்கு? சாப்பிடுதியா இல்லையா?’ என்றாள். மருத்துவர் ஐந்து நிமிடம் எடுத்துக் கண்டறிந்ததை அவள் அலைபேசித் திரையில் ஒரு நொடியில் கேட்டுவிட்டாள். குழந்தைகளின் முதற் சொற்கள் உலகெங்கும் ஏன் மகர, பகரங்களாக அமைகின்றன என்று ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் விளக்கியதை வகுப்பெடுக்கிறவள் நான். அம்மா என்று தொடங்கினேன். உதடு பிரிந்தது, வலித்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

மறு வாரம் ஒரு பொதி வந்தது. எள்ளுருண்டை, கருப்பட்டி, வறுத்த நிலக்கடலை, இன்னொரு சீசா தேங்காயெண்ணெய். அதனோடு தாளில் சுற்றிய இரண்டாயிரம் ரூபாய். தாளில் ‘முட்டைக்கு’ என்று எழுதியிருந்தாள். காகூவின் சமையலறையில் முட்டை கூடாது. ஆகவே பல்கலைக்கழகச் சதுக்கத்தருகே மாலையில் நிற்கும் வண்டிக்காரரிடம் தினமும் அவித்த முட்டை இரண்டு. சென்ற செவ்வாயன்று கட்கிப் பாட்டியை மீண்டும் பார்த்து வந்தேன். ஒரு டப்பி மெழுகைக் கொடுத்தேன். சாயம் இல்லாமல், குரலை மட்டும் பதிவு செய்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார். மழை வரட்டும், உதடு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.